சாறு மட்டும் ஏற்றிய பத்து முட்டைகள்

மேற்குத் தாம்பரம்
9-11-1968

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அத்தையும் நலம். பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தாமல் உடம்பில் போடுங்கள். இங்கே ஓயாத மழை. எனக்கு ஆறாம் மாதம் பிறந்துவிட்டது.

உங்கள் கடிதம் வியாழனன்று வந்தது. ஆய்வறிக்கையில் சார் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடு, வேலை நிரந்தரமாகட்டும், முட்டைக்காக ஏன் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. இன்னும் தீரவில்லை.

விஷயம் இதுதான். கருவுள்ள கோழிமுட்டைகளில் ஃப்ளூ வைரஸை ஊசியால் ஏற்றி, கூடவே முடிச்சூரில் பறித்த ஓர் இலையின் சாற்றையும் ஏற்றினோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வைரஸ் வளரவே இல்லை. சத்தியநாதன் சார் ஆய்வுக்கூடத்துக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன். இலையின் பெயரை எழுதமாட்டேன். உங்கள் மெஸ்ஸில் யாராவது அரைத்துக் குடித்துவைப்பார்கள்.

மறுவாரம் யாரையும் கேட்காமல், வைரஸ் இல்லாமல் சாறு மட்டும் பத்து முட்டைகளில் ஏற்றினேன். இருட்டறையில் விளக்குக்கு முன்னால் பிடித்தால் சிவப்பு நரம்புகள் தெரியும், குஞ்சு லேசாக அசையும். ஏழு முட்டைகளில் அசைவே இல்லை. சாறு குஞ்சையே கொன்றிருக்கிறது. செத்த குஞ்சில் வைரஸ் எப்படி வளரும்? சோதிக்குமுன் முட்டைகளைக் குளிர்பெட்டியில் வைப்பதால், முதல் தடவை குஞ்சுகள் குளிரில் செத்தன என்றே நினைத்துவிட்டோம். இந்தப் பத்தையும் நான் குளிர்பெட்டியில் வைக்கவே இல்லை. உதவியாளர் ஜெயவேலு எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, இத்தினி செத்துக் கீது, சார் பாத்தா பேஜாராயிடும்" என்றார்.

பேஜார் ஆகத்தான் செய்தது. அனுமதியில்லாமல் ஏற்றியவை, அறிக்கையின் அட்டவணையில் சேர்க்காதே என்கிறார் சார். சார் கெட்டவர் இல்லை. சாற்றை நம்பிவிட்டார். ஊரெல்லாம் ஃப்ளூ, உன் நிலைமைக்கு நல்லது என்று ஒரு பாட்டில் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அத்தை நன்றியோடு வாங்கி, வேளைக்கு ஒரு ஸ்பூன் குடி என்றார்கள். நான் அதைச் சாக்கடையில் கொட்டினேன். மூன்று நாளாக அத்தை என்னோடு பேசவில்லை.

அந்தப் பத்தும் அட்டவணையில் ஏறாமல் கையெழுத்துப் போடமாட்டேன். திங்களன்று எழுதியே கொடுக்கப்போகிறேன். வேலை போனால் போகட்டும். டீச்சராகப் போய்ப் பிழைத்துக்கொள்வேன்.

பிள்ளை விடியற்காலையில் நன்றாக அசைகிறது. அசையும்போதெல்லாம் அந்த ஏழும் ஞாபகம் வருகின்றன. கர்த்தர் உங்களைச் சுகமாக வைக்கட்டும். கையெழுத்துப் போடு என்று இனி எழுதாதீர்கள். முடிந்தால், போடாதே என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டாலும் போடமாட்டேன். எழுதினால் அத்தைக்குப் படித்துக் காட்டுவேன்.

உங்கள்
ஞானசௌந்தரி