சபைக்கெல்லாம் தெரிந்த செய்தி

திருப்பூர்
12.6.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

பெற்ற மகனைவிடக் கர்த்தரைத்தான் நீங்கள் நம்புகிறீர்கள். முழங்கால் வலி குறைந்ததா? எனக்குத் தையல் ஊசி விரலில் ஏறியது, ஆறிவிட்டது.

வால்பாறையிலிருந்து வந்த எஸ்தரக்கா பஸ் ஸ்டாண்டில் கேட்டார்: "ஏந்தம்பி, எஸ்டேட் லைன் ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போட்டாங்கன்னு உங்கம்மாவுக்காகச் சபையே ஜெபிக்குது. உனக்குத் தெரியாதா?"

ஜெபக் குறிப்பு கொடுத்தது நீங்கள்தானாம். முப்பது வருடம் கொழுந்து பறித்த உங்களை வயதானதும் எஸ்டேட் துரத்துகிறது. நீங்களோ சங்கீதம் படித்து நிம்மதியாக இருக்கிறீர்களாம். கர்த்தர்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் அறையில் இன்னொரு பாய் விரிக்க இடமிருக்கிறது.

தேயிலைத்தூள் கொடுத்தனுப்புங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

முதிர்வயதில் தள்ளிவிடாதே என்று அவரிடம் தினமும் கேட்கிறீர்களே, என்னிடம் ஒருமுறை கேளுங்கள்.

உங்கள் மகன்
சாமுவேல்