படத்தின் கீழே எழுத வேண்டிய பெயர்

6 பிப்ரவரி 1958, வியாழன். போடி.

காலையில் பனி. மலை தெரியவில்லை. பெட்டி கட்ட வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. வாசகசாலைச் சுவரில் மாட்டியிருக்கும் மூன்று மலைப் படங்களையும் எடுத்தவர் காலஞ்சென்ற என் கணவர் ராயப்பன் என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். அட்டையிலும் அப்படியே எழுதியிருக்கிறது. தவறு. மூன்றையும் எடுத்தது நான். இரண்டுக்கு அவர் குடை பிடித்தார். ஏலக்காயை ஒரு கை அள்ளினால் எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லிவிடுவார். காமிராவை எடுத்தாலோ படத்தில் ஒருவருக்கும் தலை இருக்காது. அவரே சொல்லிச் சிரிப்பார்.

போடிமெட்டு வளைவுப் படத்தில் ஜீப்புக்குப் பக்கத்தில் தொப்பியோடு நிற்பவரே அவர்தான். தன்னைத் தானே எப்படி எடுப்பார்? வாசகசாலைச் செயலாளரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "அத விடுங்கம்மா. கொச்சிக்குப் போறீகளாம்ல, நாலு படம் கொண்டாங்க. அண்ணாச்சி எடுத்ததோட சேத்து மாட்டிருவோம்."

என் கொழுந்தன் சவரிமுத்து (இனி ச.) இன்னும் மோசம். "பொத்தான அமுக்குனது நீங்க, மதினி. படம் எடுத்தது அண்ணன். எங்கன நிக்கணும், வெயிலு எப்பிடி விழுகுதுன்னு பாத்தது பூராம் அவரு." பார்த்தது நான். அவர் பார்த்தது சாப்பாட்டு வேளையை.

ஆகவே கொச்சி. கொழும்புக் கப்பல் செவ்வாய்க்கிழமை. மகள் தெரேசா வீட்டில் இரண்டு மாதம். கப்பலுக்கு முன் மூன்று நாள் கொச்சியில், காமிராவோடு. அவர் இறந்து நான்கு வருடமாகிறது. அங்கே எடுப்பதை யாரும் அவர் பெயரில் எழுத முடியாது.

மறக்கக் கூடாதவை: பிலிம் சுருள். மஞ்சள் கண்ணாடி (மேகம் தெளிவாக விழ). காமிராப் பைக்குள் வறுத்த அரிசி ஒரு முடிச்சு, கடல் ஈரத்துக்கு. பாஸ்போர்ட். தெரேசாவுக்கு ஏலம், பெருவெட்டுக் காய் மட்டும்.

7, வெள்ளி. வழியில், மூணாறு.

துணைக்கு ச. வருகிறார். அவருக்கும் கொச்சியில் ஏலக்காய்ச் சோலி. விடிவதற்குள் வாசலில் சத்தம். "வெரசா வாங்க மதினி, ஜீப்பு கெளம்பிருச்சு!" போனால் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

போடிமெட்டில் நிறுத்தச் சொன்னேன். குரங்கணிப் பக்கம் மேகம் முழுவதும் காலுக்குக் கீழே. அதன் மேல் வெயில். பிலிமைக் கொச்சிக்கு வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். கை கேட்கவில்லை. ஒன்று எடுத்தேன்.

ஜீப்பில் தோட்டத்து வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். ஒருத்தி காதோடு: "வெள்ளச் சீல கட்டிக்கிட்டு போட்டா புடிக்கிறாகடி." மற்றவள்: "ஏன், செவப்புச் சீல கட்டுனாத்தேன் பொட்டி தெறக்குமாக்கும்?" இரண்டாமவளுக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தேன்.

8, சனி. கொச்சி.

கடல்!

விடுதியில் பையைப் போட்டதும் ஓடினேன். ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும். ச. பின்னால் மூச்சிரைக்க.

சீனவலைகள். நான் நினைத்ததை விடப் பெரியவை. ஒரு பக்கம் வலை, மறு பக்கம் கயிற்றில் தொங்கும் கற்கள். நம் கடைத் தராசுதான், கடலில் நிறுத்தியது. வலை எழும்போது தண்ணீர் சல்லடையாய்ச் சொட்டுகிறது, அதற்குப் பின்னால் சூரியன். சூரியனை எதிரே வைத்து எடுக்கக் கூடாது என்று காமிராவோடு வந்த தாளில் இருக்கிறது. எடுத்தேன். அடுத்த வலை எழும்போது இன்னொன்று.

பிறகு ஓர் ஆசை, நானும் ஒன்றில் இருக்க வேண்டும் என்று. தூரத்தை அளந்து வைத்தேன். வெளிச்சத்துக்கு வைக்க வேண்டியதை வைத்தேன். ச. நிற்க மணலில் கோடு கிழித்தேன். "கோட்டைத் தாண்டாதீங்க தம்பி. மூச்சை அடக்குங்க. நான் தலையாட்டினதும் அமுக்குங்க." வலைக்குக் கீழே போய் நின்று தலையாட்டினேன். அமுக்கினார்.

உடனே நெஞ்சை நிமிர்த்தி வலைக்காரரிடம், "பாத்தீகளா, நான் எடுத்த படம்!"

"அப்படியா? அமுக்கினவர்தான் எடுத்தவர் என்றால், போடிமெட்டுப் படம் நான் எடுத்தது."

"அதெப்பிடி மதினி? இங்கன எல்லாத்தையும் பாத்து வச்சது நீங்கள்ல."

"சரி. அப்போ இது நான் எடுத்தது. போடிமெட்டிலும் எல்லாம் பார்த்து வைத்தது நான்தான். உங்கள் அண்ணன் என்னை ஒருநாளும் கோடு கிழித்து நிறுத்தியதில்லை."

ச. காமிராவை என் கையில் கொடுத்தார். வலைக்காரர் சிரித்து, "அம்மச்சி வக்கீலாணோ?"

சாயங்காலம் ஒரு சுருளை ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தாயிற்று. திங்களன்று கிடைக்கும். தூக்கம் வராது.

9, ஞாயிறு.

பூசை. பிரசங்கம் நீளம். வெளிச்சம் வீணாகிக்கொண்டிருந்தது. ஆண்டவர் மன்னிப்பார்.

மட்டாஞ்சேரி. சுக்கு, மிளகு, எல்லாம் சேர்ந்த காரம். முற்றம் நிறைய இஞ்சி காய்கிறது, பெண்கள் முழங்கால் வரை அதற்குள் நின்று காலால் கிளறுகிறார்கள். ஓட்டுச் சந்திலிருந்து விழும் வெயிலில் தூசி தூண் தூணாக நிற்கிறது. ஒரு மூலையில் போடி மூட்டைகள்! பழக்கமான ஆளைச் சந்தையில் பார்த்தது போல இருந்தது. அதையும் எடுத்தேன்.

அடுத்த சரக்குக் கிட்டங்கி வாசலில் காவற்காரர் தடுத்தார், ச.வைக் காட்டி "ஸார் ஃபோட்டோகிராபரோ?" என்று. ச. சொன்னது: "நானில்ல. இவுகதேன். எங்க மதினி." கேட்காதது போல உள்ளே போனேன்.

படகில் திரும்பும்போது கப்பல் தெரிந்தது. வெள்ளை, மூன்று அடுக்கு. காமிராச் சதுரத்துக்குள் அடங்கவில்லை. இரண்டாகப் பிரித்து எடுத்தேன், முன்பாதி, பின்பாதி.

10, திங்கள்.

வந்துவிட்டது. வந்துவிட்டது! சூரியனை எதிரே வைத்த படம் முழுசாக வந்திருக்கிறது. வலை கரியில் வரைந்தது போல, சொட்டும் தண்ணீர் தனித்தனியாக. ஒன்றில் என் விரல் (மூடன் வேலை). ச. அமுக்கிய படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன். என் பல் தெரியும் படம் வேறெதுவும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

உறையில் எழுதியிருந்தது: மிஸ்டர் ராயப்பன், போடி.

"எந்த மிஸ்டர்?" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. ஸ்டுடியோக்காரர் சீட்டை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து. மிஸஸ் ராயப்பன் என்று, 'மிஸஸ்' அவசரத்தில் கோழி கிளறியது. மணமான பெண் கணவர் பெயரில்தான் கையெழுத்திட வேண்டும் என்று கான்வெண்டில் சிஸ்டர்கள் பழக்கியது. ஊரைக் குறை சொன்னேன். நான் போட்ட கையெழுத்திலேயே நான் இல்லை.

அங்கிருந்து கப்பல் ஏஜெண்டு ஆபீசு. குமாஸ்தா பாஸ்போர்ட்டைப் பார்த்து உரக்க, "செசிலி!" யாரோ சின்னப் பெண் என்று திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் "செசிலி!" ச. மெதுவாக, "மதினி, உங்களத்தேன் கூப்புடுறாக."

அந்தப் பெயரில் கடைசியாகக் கூப்பிட்டவர் அவர். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது மட்டும்.

எழுந்து போய், "நான்தான்" என்றேன்.

11, செவ்வாய்.

காற்று. பெட்டிகள் போயாயிற்று. படிந்த சேலை மடிப்பு நிற்கவில்லை. கப்பல் மேல்தளத்திலிருந்து ஊரை எடுக்க ஒரு சுருள் மிச்சம் வைத்திருக்கிறேன்.

ச. இன்றே போடி திரும்புகிறார். வாசகசாலைக்கு நான் எழுதிய கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அண்ணன் பேரு இல்லாமயா, மதினி?" என்றார். கடைசி வரியைக் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரியாத்தேன் இருக்கு" என்று சட்டைப் பைக்குள் வைத்தார்.

நகல், எனக்காக:

வாசகசாலைச் செயலாளர் அவர்களுக்கு. இத்துடன் கொச்சிப் படங்கள் நான்கு. ஒவ்வொன்றின் கீழும் 'எடுத்தவர்: செசிலி' என்று எழுதவும். திருமதி வேண்டாம். ஏற்கெனவே மாட்டியுள்ள மூன்றின் அட்டைகளையும் எடுத்துவிட்டு அவ்வாறே எழுதவும். வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். செய்வீர்களா, மாட்டீர்களா என்பதை என் மகளின் கொழும்பு முகவரிக்கு எழுத்தில் தெரிவிக்கவும். போடிமெட்டுப் படத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: 'படத்தில் நிற்பவர்: ராயப்பன்.'