நாளுக்கு இருபது நிமிடம்

2025 மே 6, செவ்வாய்

நான் வேலையை விட்டு இன்றோடு ஐந்து வாரம். காலை எட்டு மணிக்கு இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பன்னிரண்டரைக்கு வந்தார், சாப்பிட்டார், தட்டைக் கழுவினார். "மழை வரும்போல கிடக்கு" என்றார். வந்தது. இன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

முதியோர் இல்லத்தில் இருபத்தேழு வருடம் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் அறிக்கை எழுதியவள் நான். யார் மருந்துக் குளிசை எடுத்தார், யார் அழுதார், யார் விழுந்தார் என்று எல்லாம் எழுதவேண்டும். இப்போது எழுத ஆளில்லாததால் என்னைப் பற்றியே எழுதலாம் என்று இந்தக் கொப்பியை வாங்கினேன். குளிசை எடுத்தாயிற்று. விழவில்லை.

மே 9, வெள்ளி

மகள் மிதுஷா, தான் இருக்கும் ஹ்விடோவ்ரே நகரிலிருந்து போன் எடுத்தாள். எங்கள் முப்பத்தைந்தாவது கலியாண நாளுக்கு அவளுடைய பரிசு: கிரேக்கத்தில் சன்டோரினித் தீவில் ஒரு கிழமை, ஏழு நாள். அதில் ஒரு மாலை எட்டே எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு தீவுகளைச் சுற்றும் பாய்ப்படகு. கடலில் இருந்தபடி சூரியன் மறைவதைப் பார்க்கலாமாம். எல்லாம் பதிந்து முடித்துவிட்டுத்தான் சொல்கிறாள்.

"எங்களுக்கு எதுக்கு மகள் இதெல்லாம்?" என்றேன். அவள் வழக்கம்போல டெனிஷில் பதில் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சூரியன் மறைவதையாவது பார்த்திருக்கிறீர்களா அம்மா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். இல்லை.

எப்படிப் பார்ப்பது? இவருக்குத் தொழிற்சாலையில் காலை ஆறிலிருந்து இரண்டு. எனக்கு மூன்றிலிருந்து பதினொன்று. பிள்ளையை வெளி ஆட்களிடம் விடக்கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து போட்ட கணக்கு. எங்கள் ஊர் இக்காஸ்டில் பாதித் தமிழ்ச் சனம் இப்படித்தான் பிள்ளை வளர்த்தது. இவர் இரண்டு இருபதுக்கு வருவார், நான் இரண்டு நாற்பதுக்கு இறங்குவேன். இரவு நான் வரும்போது இவர் நித்திரை, விடிய இவர் போகும்போது நான் நித்திரை. மிச்சமெல்லாம் ஃபிரிட்ஜில் ஒட்டின தாள். எங்கள் கலியாணம் நாளுக்கு இருபது நிமிடம்.

மே 10, சனி

இவரிடம் சொன்னேன். "தண்ணி ஆழமோ?" என்றார்.

மே 14, புதன்

விளைமீன் குழம்பு வைத்தேன். எனக்கு ஒரு சட்டி, இவருக்கு இரண்டு கரண்டி மிளகாய்த்தூள் கூடப் போட்டு இன்னொரு சட்டி. நான் வேலைக்குப் போகத் தொடங்கின வருடம் ஒரு நாள் ஃபிரிட்ஜில் எழுதியிருந்தார்: 'உறைப்புக் காணாது.' அன்றிலிருந்து இரண்டு சட்டிதான். ஒரு நாளும் பிசகவில்லை.

சாப்பிடும்போது மீன்குழம்புக்கு மேல் தயிரை ஊற்றிப் பிசைகிறார். யாழ்ப்பாணத்து மனிதன் இப்படிச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. எப்போதிருந்து இந்தப் பழக்கமோ தெரியாது. கூட இருந்து சாப்பிடத் தொடங்கிய பிறகுதானே பார்க்கிறேன்.

மே 22, வியாழன்

எட்டு மணி. சைக்கிள்.

மழை கொட்டுகிறது. அதற்குள்ளும் போகிறார். முழங்கால் நோ என்று போன வருடமே வேலையை விட்ட மனிதர். அந்த ஒரு வருடமும் இப்படித்தான் காலையில் போனார். அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை, காலையில் எனக்கும் வீட்டு வேலை இருந்தது. இப்போது முழு நாளும் இரண்டு பேரும் வீட்டில் இருக்கவேண்டியவர்கள். அவருக்கு என்னோடு இருக்க முடியவில்லை. இதை எழுதிப் பார்த்தால்தான் எனக்கே விளங்குகிறது.

யூன் 2, திங்கள்

கடிதம் வந்துவிட்டது.

இதுவரை யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஹ்விடோவ்ரேயில் வாடகைக்கு வீடு கொடுக்கும் ஒரு சங்கத்தின் காத்திருப்புப் பட்டியலில் என் பெயரைப் பதிந்தேன். என் பெயரை மட்டும். மிதுஷாவுக்குக் கிட்ட இருக்கலாம் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. வேலை முடிந்த பிறகு இந்த மனிதரோடு என்ன கதைப்பது என்ற பயம்.

ஒரு அறை, குசினி, சின்ன பல்கனி. ஆகஸ்டில் போகலாம். யூன் 16 திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்குள் மறுமொழி சொல்லவேண்டும். மிதுஷா வீட்டுக்கு நடந்தே போகலாம், பேரனைப் பாலர் பாடசாலையிலிருந்து நானே கூட்டி வரலாம்.

கடிதத்தைத் துவாய் அலுமாரிக்குள் வைத்தேன். இவர் அங்கே கை வைப்பதில்லை.

யூன் 7, சனி. சன்டோரினி

பில்லுண்டிலிருந்து விமானம். கைப்பைக்குள் கடிதம், பெட்டிக்குள் வறுத்த மிளகாய்த்தூள் ஒரு சின்னப் போத்தல். இவருக்குத்தான். வெளிச் சாப்பாட்டில் உறைப்பு இருக்காதே.

இங்கே சொல்லிவிடவேண்டும். வீட்டில் சொன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தீவில் எங்கே போவார்?

யூன் 9, திங்கள்

சொல்லவில்லை. வெயில். படி, படி, படி. இந்தத் தீவில் படி ஏறாமல் ஒரு தேத்தண்ணி குடிக்க முடியாது. இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் வருகிறார், ஒரு வார்த்தை முறைப்பாடு இல்லை. முறைப்பாடு செய்தாலாவது கதை தொடங்கும்.

யூன் 11, புதன்

ஆறுதலாக எழுதவேண்டும். ஒன்றையும் விடக்கூடாது.

படகில் ஏறமுன் செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொன்னார் கப்டன் ஸ்டாவ்ரோஸ். மற்றவர்கள் எறிந்தார்கள். இவர் கோயில் வாசலில் வைப்பதுபோலத் தன் செருப்பையும் என் செருப்பையும் சோடி சேர்த்து ஓரமாக வைத்தார். எட்டுப் பேரில் ஒரு டெனிஷ் சோடி, கியர்ஸ்டன் என்ற மனுசியும் போல் என்ற அவவின் புருசனும். சில்கபோ ஆட்கள். எங்கள் ஊரிலிருந்து அரை மணித்தியாலம். இவ்வளவு தூரம் பறந்து வந்து பக்கத்து ஊர்க்காரரோடு படகில் இருக்கிறோம்.

எரிமலைத் தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார்கள். அங்கே கடல் தண்ணீர் இளஞ்சூடு. எல்லாரும் குதித்தார்கள். நீந்தத் தெரியாத நாங்கள் மேலே இருந்தோம். கியர்ஸ்டன் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தா. முப்பத்தைந்து வருடம் என்றதும் இரகசியம் என்ன என்று கேட்டா. "ஷிப்ட்" என்றேன். மனுசி விழுந்து விழுந்து சிரித்தா. இவரும் சிரித்தார். இவருக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லை. எப்போது பிடுங்கினார்? எனக்குத் தெரியாது.

பிறகு கப்டன் படகிலேயே மீன் சுட்டார். உப்பும் தேசிக்காயும்தான். நான் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, இவருடைய தட்டுக்கு மேல் சரித்தேன். இவர் கையால் தட்டை மறைத்தார்.

"வேண்டாம் பரமேஸ். எனக்கு உறைப்பு ஒத்துவராது."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் முதலில் மிச்சம் காதில் விழவே இல்லை. பிறகுதான் விழுந்தது.

"எப்ப இருந்து?"

"பன்னிரண்டு வருசம் இருக்கும். வயித்தில புண்ணெண்டு டொக்டர் சொன்னவர்."

"டொக்டருக்குச் சொன்ன ஆள் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது?" கோபமில்லாமல்தான் கேட்டார். "வேலைக்குப் போகமுதல் நிண்டு எனக்கெண்டு தனிச் சட்டி வைச்சிட்டுப் போறீர். அந்த இருவது நிமிசத்தில, இது வேண்டாம் எண்டு சொல்லுறதோ? பேப்பரில எழுதினா சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும். தயிர் விட்டா சமாளிக்கலாம்."

பன்னிரண்டு வருசம். மனுசன் புண் வயித்தோடை திண்டிருக்கிறார். நான் என்ரை கையாலை ரெண்டு கரண்டி கூடப் போட்டு, மூடி வைச்சு, நல்ல மனுசி எண்டு நினைச்சுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறன். ஆரிலை கோவிக்கிறது? அவரிலையோ, என்னிலையோ?

அந்தக் கோபத்தில்தான் மற்றதையும் சொன்னேன். கடல் அலையின் சத்தம் கூடுதலாக இருந்ததால் கொஞ்சம் உரத்துச் சொல்லவேண்டியிருந்தது.

"ஹ்விடோவ்ரேயில எனக்கு ஒரு வீடு வந்திருக்கு. திங்கக்கிழமைக்கிடையில மறுமொழி சொல்லவேணும்."

என்னைப் பார்த்தார். "எத்தினை அறை?"

"ஒண்டு."

"ஆ" என்றார். தேசிக்காய்த் துண்டை எடுத்து மீனில் பிழிந்தார். சாறு முடிந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தார்.

கப்டன் இயந்திரத்தை நிறுத்திப் பாயை விரித்தார். எல்லாரும் படகின் முன்பக்கத்தில் ஆட்கள் இருப்பதற்குக் கட்டியிருந்த வலையில் போய் இருந்தார்கள், நாங்களும் போனோம். வலைக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது. சூரியன் இறங்கி, சிவந்து, கடலுக்குள் போனது. மற்றவர்கள் கைதட்டினார்கள்.

"ஒவ்வொரு நாளும் நடக்கிறதுதானே. என்னத்துக்கு இவையள் கைதட்டுகினம்?" என்றார் இவர். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கட குசினி யன்னலாலை பாத்தா, யூனிலை அந்தத் தண்ணித் தாங்கிக்கு வலப்பக்கம் இறங்கும். மார்கழியிலை பள்ளிக்கூடத்துப் பக்கம். மிதுஷாவைத் தூக்கி வைச்சுக் காட்டுவன். உமக்கும் ஒருக்காக் காட்டவேணும் எண்டு நினைக்கிறனான்."

அந்த வீட்டில் முப்பது வருடம் இருக்கிறேன். மாலையில் அந்த யன்னலடியில் நின்ற ஞாபகமே எனக்கு இல்லை. வேலை இல்லாத நாளில் கோயில், கொண்டாட்டம், விருந்தாளி. வேலையை விட்ட பிறகும் நின்று பார்க்கத் தோன்றவில்லை.

யூன் 12, வியாழன்

காலைச் சாப்பாட்டில் இவராகத் தொடங்கினார்.

"எப்ப பேர் பதிஞ்சனீர்?"

"ஆறு வருசம்."

தலையாட்டினார். காரணம் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குச் சுட்டது. நானே கேட்டேன்.

"நீங்கள் எட்டு மணிக்கு எங்கை ஓடிறனியள்? என்ரை முகத்தைப் பாக்கேலாதெண்டு எனக்கு விளங்காதோ?"

பாண் துண்டைக் கீழே வைத்தார். உண்மையிலேயே திகைத்துப்போனார். எனக்கு அந்த முகம் புதிது.

"காலமை உம்மட நேரமெல்லோ" என்றார்.

"என்ன என்ரை நேரம்?"

"இருவத்தேழு வருசம் காலமையிலை அந்த வீட்டிலை நீர் தனிய இருந்தனீர். பின்னேரம் நான் இருந்தனான். நீர் வேலை செய்யேக்கை பாடுவீராம், மிதுஷா சொன்னவள். நான் வீட்டிலை நிண்டா நீர் பாடேல்லை. நான் வேலையை விட்ட முதல் கிழமையிலை கண்டனான். அதாலை விட்டுக்குடுத்திட்டுப் போறன்."

"எங்கை போறியள்?"

"நூலகம். இல்லாட்டி ஸ்ரேசனிலை வாங்கு ஒண்டிலை குந்தியிருப்பன். ஹேர்னிங் ரயில் வரும், போகும்."

"மாசிக் குளிரிலையுமோ?"

"கையுறை போட்டிருந்தனான்."

எனக்கு அழுகை வந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். நான் பாடுவதை நிறுத்தினது உண்மை. வெட்கத்தில் நிறுத்தினேன். முப்பத்தைந்து வருடப் புருசனுக்கு முன் வெட்கம்.

யூன் 14, சனி

வீடு. வந்ததும் குசினியில் ஒரு சட்டிதான் வைத்தேன். இவர் தயிரை எடுக்கப் போனார். பழக்கதோசம். பாதி வழியில் நின்று திரும்பி வந்தார்.

யூன் 16, திங்கள்

எட்டு மணிக்குச் சைக்கிளைத் தொட்டார். "இருங்கோ" என்றேன். இருந்தார். இரண்டு பேருக்கும் அடுத்தது என்ன செய்வதென்று தெரியவில்லை. தேத்தண்ணி போட்டார். இவர் போட்டால் எப்போதுமே சீனி அதிகம். இன்றைக்குத்தான் சொன்னேன். "இவ்வளவு நாளும் குடிச்சனீரெல்லோ?" என்றார். "நீங்கள் உறைப்புத் திண்ட மாதிரித்தான்" என்றேன்.

கடிதத்தை மேசையில் வைத்தேன். படித்தார். "நல்ல வீடு. பல்கனியும் கிடக்கு" என்றார். "போக விருப்பமெண்டா போம். மறிக்கமாட்டன். ஆனா எனக்கு விருப்பமில்லை." இப்படி ஒரு வசனத்தை இவர் வாயால் நான் கேட்டதில்லை. எனக்கு விருப்பமில்லை. எவ்வளவு சின்ன வசனம்.

பதினொன்று நாற்பதுக்குச் சங்கத்துக்குப் போன் எடுத்து வேண்டாம் என்றேன். பட்டியலில் பெயர் தொடர்ந்து இருக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டா. நான் இவரைப் பார்த்தேன்.

"இருக்கட்டுமெண்டு சொல்லும்" என்றார். "வேலைக் களைப்பிலை படுத்தனீர், என்ரை குறட்டையை நீர் இன்னும் ஒழுங்காக் கேக்கேல்லை."

யூலை 3, வியாழன்

இரவு பத்தேகால். இந்த நாட்டில் யூலைச் சூரியன் இப்போதுதான் இறங்குகிறது. தண்ணித் தாங்கிக்கு வலப்பக்கம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கைதட்டினேன்.

நவம்பர் 5, புதன்

மூன்று நாளாக மழை. மூன்று நாளாக இரண்டு பேரும் வீட்டுக்குள். இவர் நான் வெங்காயம் வெட்டும் விதத்துக்குக் குறை சொல்கிறார், தாச்சிச் சட்டியை எங்கே வைப்பது என்று எனக்குப் படிப்பிக்கிறார், வானொலிச் செய்திக்கு மேலால் தானும் செய்தி சொல்கிறார். கதைக்கத் தொடங்கின மனிதரை நிறுத்த வழி தெரியவில்லை.

இன்று காலை எட்டு மணிக்கு நானே சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"எனக்குக் கொஞ்ச நேரம் தனிய இருக்கவேணும். போயிட்டு வாங்கோ."

முகம் சுருங்கவில்லை. "எத்தினை மணிக்கு வரட்டும்?"

"பன்னிரண்டுக்கு."

பாடிக்கொண்டே அலுமாரி துடைத்தேன். பதினொன்றே முக்காலுக்கு யன்னலால் பார்த்தால், மழை அங்கியோடு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வாசலடியில் நிற்கிறார். கைக்கடிகாரத்தில் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பாட்டை முடித்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.