தூக்காத கை

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூடத் திருத்த மாட்டேன்.

வினாடி வினா அணியில் நாங்கள் ஆறு பேர். என் தோழி ஒட்டடைக்குச்சி (அவ்வளவு உயரம்) மூன்று பயிற்சிகளுக்கு வரவில்லை. அவளை வைத்துக்கொள்வதா என்று மற்ற ஐவரும் புதனன்று கைதூக்கிச் சொல்ல வேண்டுமாம். கணக்கு டீச்சர் உத்தரவு.

அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கடையை அவள்தான் பார்க்கிறாள். எனக்கு மட்டும் தெரியும். "யார்கிட்டயும் சொல்லிடாதடி, பாவம் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க" என்று சொல்லியிருந்தாள்.

கேப்டன் அக்கா என்னை ஓரம்கட்டினாள். "ஏய் டிக்‌ஷனரி, ஃப்ரெண்டுன்னு கை தூக்கினே, அடுத்தது நீதான்."

ஆகஸ்ட் 5

அகராதியில் வழி கிடைத்துவிட்டது! அப்ஸ்டெயின்: வாக்களிக்க உரிமை இருந்தும் எந்தப் பக்கமும் சேராமல் விலகி நிற்பது. உதாரண வாக்கியத்தில் ஓர் உறுப்பினர், தன் தம்பியைப் பற்றிய தீர்மானத்தில் அப்படி விலகுகிறார். என்ன கண்ணியம்!

ஆகஸ்ட் 6, புதன்

இரண்டு கைகள் எழுந்தன. கேப்டனும் இன்னொருத்தியும் கையைக் கட்டிக்கொண்டார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"நான் அப்ஸ்டெயின், டீச்சர்."

"அப்படின்னா?"

விளக்கினேன். உதாரணத்தோடு.

"சரி. அவ இருக்கணும்னா மூணு கை வேணும். ரெண்டுதான் இருக்கு. அவ இல்ல."

ஐயோ — நடுவில் நிற்கிறேன் என்றல்லவா நினைத்தேன்?

வாசலில் ஒட்டடைக்குச்சி. "வேணாம்னு நேரா சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். இதுல அர்த்தம் வேற சொல்றே."

ஆகஸ்ட் 7

கண்ணியமாம் கண்ணியம். பயம்டி உனக்கு, பயம்.

ஆகஸ்ட் 8

டீச்சரிடம் போனேன். "நெனச்சு நெனச்சு மாத்த இது என்ன ரஃப் நோட்டா?" பிறகு, "ஏன் தூக்கலன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. மறுபடி எண்ணலாம்."

"கேப்டனுக்குப் பயந்துட்டேன்" என்றேன். ஒருத்தி சிரித்தாள். ஆஸ்பத்திரி விஷயம் என் வாயிலிருந்து வரவில்லை.

மூன்று கைகள்.

ஆகஸ்ட் 13

போட்டி. நான்கு பேர்தான் மேடையில். கேப்டன் என்னைக் கீழே உட்காரவைத்தாள். கடைசிக் கேள்விக்கு ஒட்டடைக்குச்சிதான் பதில் சொன்னாள். இரண்டாம் இடம்! கை வலிக்கத் தட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலி. அவள் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். இறங்கும்போது மட்டும், "ஷூ லேஸ் அவுந்திருக்கு, விழுந்து தொலைக்காதே" என்றாள்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாகத்தான் இருக்கும்.