எனக்கு ஒத்துக்கொண்ட நாய்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் போயிருக்கும் இடத்துக்குத் தபால் இல்லை. ஆகவே இதை அச்சிடக் கொடுக்கிறேன். பிறர் படித்தால் படிக்கட்டும். மூச்சு இழுப்பும் தோல் தடிப்பும் உள்ள யாராவது நாய் வளர்க்க எண்ணியிருந்தால், அவர்களுக்கு உதவும் விஷயம் ஒன்றிரண்டு இதில் உண்டு. உங்களுக்குரிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டு நாய்களில் ஒன்று இருக்கிறது. ஒன்று இல்லை. இல்லாமற்போனது நீங்கள் அதிகம் நேசித்தது.

உங்களைத் தூக்கிச் சென்ற அன்று மடுல்சீமையில் மழை விடவே இல்லை. தப்படிப்பவர்களுக்கு முன்னால் இரண்டு நாய்கள் நனைந்தபடி நடந்தன. யாருடையவை என்று, தேயிலை அரைக்கும் ஸ்டோரின் காவல்காரர் வேலாயுதத்திடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்ம மருந்துக்காரய்யா நாயிங்கதாம்மா. ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. மதராஸில் பி.ஏ. வரை படித்தவள், உங்களோடு ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்தவள், தெரியாது என்று காவல்காரரிடம் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பின்புறத்துப் பீலிக் குழாய்த் தண்ணீரில் கார்பாலிக் சோப்பால் முழங்கை வரை கழுவி, சட்டையை மாற்றிய பிறகே நீங்கள் வீட்டுக்குள் வருவீர்கள். காய்ச்சற்காரர்களைத் தொட்ட கை, அதனால் கழுவுகிறீர்கள் என்று எண்ணியிருந்தேன். விரலிடுக்குகள் வெடித்து இரத்தம் கசியும் அளவுக்கு ஏன் தேய்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்கள். ஸ்டோருக்குப் பின்னால் அவற்றுக்குச் சோறு வைத்துத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தீர்கள் என்பதை, நீங்கள் மண்ணுக்குள் போன பிறகு ஊர் எனக்குச் சொன்னது.

சிறு வயதில் பக்கத்து வீட்டு நாயைத் தடவிய நான், கண் வீங்கி, நெஞ்சு விசிலடிக்க, விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். என் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தவர் நீங்கள். அதன் பிறகு நாய் என்ற பேச்சையே நீங்கள் எடுத்ததில்லை. ஒரு தடவை கேட்டிருக்கலாம். மறுத்திருப்பேன்தான். ஆனாலும் கேட்டிருக்கலாமே, அண்ணா?

நீங்கள் போன சில வாரங்களில் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்தில் நாய் ஒன்றுக்கு வெறி பிடித்தது. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மூக்காயியைக் கடித்தது. ஆறிப்போன காயத்தை அவள் மறந்தே இருந்தாள். பிறகு ஒருநாள் தண்ணீரைக் கண்டு அலறினாள். நீங்கள் இருந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று புதிய மருந்துக்காரர் சொன்னார். அவள் இறந்த மறுநாள் பெரிய துரையின் உத்தரவு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வாசிக்கப்பட்டது. லயங்களில் நாய் கூடாது. உத்தியோகத்தர் வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் எந்நேரமும் வீட்டுக்குள் கட்டிக்கிடக்க வேண்டும். எந்த நாயும் தோட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. உரியவர் வந்து அடுத்த திங்கட்கிழமைப் பெரட்டில் தம் நாயைக் காட்ட வேண்டும், மீதியெல்லாம் சுடப்படும்.

அந்த உத்தரவை நான் குறை சொல்லமாட்டேன். மூக்காயியின் கடைசி நாளில் அந்த லயத்துக்குப் போயிருந்தேன்.

பள்ளிக்கூடத்து டீச்சர் என்ற முறையில் எனக்கும் ஒரு நாய்க்கு உரிமை உண்டு. உங்களுடையவை இரண்டு. செம்பட்டை உடலும் கரிய வாயும் கொண்ட கருவாயன். கட்டையான மயிர், நாட்டு நாய். மற்றது, சின்ன துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுச்சென்ற பங்களா நாயின் வழி வந்தது, சுருட்டை மயிர். கம்பளி என்று அதற்குப் பெயர் வைத்தவர் வேலாயுதமாம். நீங்கள் கருவாயனிடம் உட்கார்ந்து பேசுவீர்களாம். கம்பளிக்குச் சோறு மட்டும் வைப்பீர்களாம்.

கணக்கப்பிள்ளை நல்ல மனத்தோடுதான் சொன்னார். "டீச்சரம்மாவுக்கு என்னாத்துக்கு இந்தத் தொல்ல? ரெண்டையும் விட்டுருங்க. ஒங்க ஒடம்பு கெடக்குற கெடைக்கு நாய் வளக்குறதா?" இரண்டையும் விட்டிருந்தால் நியாயமாகக்கூடத் தோன்றியிருக்கும். இறந்தவரின் பொருளைப் பங்கு போடும் வேலையும் இல்லாமற்போயிருக்கும். ஆனால் ஒன்றைக் காப்பாற்ற முடியும் என்னும்போது இரண்டையும் கொல்வதற்கு நான் படித்த தர்க்கத்தில் இடமில்லை.

கட்டை மயிர் நாய்தான் ஒத்துக்கொள்ளும், சடை நாய் ஆளையே கொன்றுவிடும் என்று தோட்டமே சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன். உங்களுக்குப் பிடித்ததே எனக்கும் ஒத்துக்கொள்ளப் போகிறது என்று சற்று மகிழ்ச்சிகூடப் பட்டேன். கருவாயனைச் சமையலறையில் கட்டினேன். பொழுது சாய்வதற்குள் மணிக்கட்டில் தடிப்பு ஏறியது, இமைகள் வீங்கின, பிறகு அந்தப் பழைய விசில். உங்கள் சோப்பால் அதைக் குளிப்பாட்டினேன். பலனில்லை. நனைந்துபோய் நின்ற அது, நான்தான் அதற்கு ஆகாதவள் என்பதுபோல் என்னைப் பார்த்தது.

என் கண்ணையே நம்பாதவள் நான். வேலாயுதத்தைக் கூப்பிட்டு, இரண்டு நாய்களும் படுக்கும் சாக்குகளைக் கொண்டுவரச் சொன்னேன். எது எதனுடையது என்று எனக்குச் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றாக என் நாற்காலியில் விரித்துவிட வேண்டும். சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டு ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தேன். ஒருநாள் விட்டு மற்றதன் மேல் உட்கார்ந்தேன். பின்னர் மாற்றி வைக்கச் சொன்னேன். என் தோல் ஒரு தடவைகூடத் தவறவில்லை. தும்மலோடு நின்றது கம்பளியின் சாக்கு. மூச்சை அடைத்தது கருவாயனுடையது.

ஆகவே இழுப்புக்காரர்கள் குறித்துக்கொள்ளட்டும். மயிரின் நீளத்தையும் நிறத்தையும் ஊர்ப் பேச்சையும் வைத்து நாயை எடுக்காதீர்கள். அது படுத்த சாக்கோடு சில நாள் இருந்து பாருங்கள். முற்றிலும் தீங்கில்லாத நாய் என்று ஒன்று இல்லை. உங்களால் தாங்கக்கூடியது என்று ஒன்று இருக்கலாம். அது நீங்கள் விரும்பியதாக இராது.

கருவாயனுக்கு வேறு வீடு தேடாமல் இல்லை. ஸ்டோரின் டீமேக்கரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கணக்கப்பிள்ளையின் மனைவி, மூக்காயி இறந்ததிலிருந்து நாய்க் குரல் கேட்டாலே கதவைச் சாத்துகிறாள். அவளிடம் எப்படிக் கேட்பது? ஹாலிஎலையில் உங்கள் சிநேகிதர் இருக்கிறார் என்றேன். எல்லையில் காவல் போட்டிருக்கிறது என்றார்கள். அதோடு இடம் தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை விடியற்காலையில் கம்பளியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனேன். கருவாயனைப் பிடித்துவரும்படி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கயிறு இல்லாமல் அதுவாகவே என் பின்னால் வந்தது. களத்தில் நான் நின்ற இடத்தில், என் புடவை ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தது. நல்ல குளிர், அண்ணா. அதன் சூடு என் கணுக்காலில் ஏறியது.

கணக்கப்பிள்ளை என் முன்னால் வந்து நின்றார். "டீச்சரம்மா, ஒங்க நாயி எது?"

கயிற்றை உயர்த்திக் காட்டினேன்.

பெரிய கங்காணிக்கு வாய் சும்மா இராது. "அப்ப அது? அதுதானே ஒங்க காலச் சுத்திக்கிட்டுக் கெடக்கு?"

"அது எங்க அண்ணன் நாய்," என்றேன். "அண்ணன் இல்லையே."

வேலாயுதம் வந்து கருவாயனைக் கூப்பிட்டார். பழகிய குரல் என்று அது எழுந்து வாலாட்டிக்கொண்டே ஸ்டோர்ப் பக்கம் போனது, நீங்கள் சோறு வைக்கும் அதே இடத்துக்கு. அங்கேதான் துப்பாக்கியோடு நின்றார்கள். சத்தம் கேட்கும்வரை நான் களத்திலேயே நின்றேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு கேட்டேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் என் மூச்சைத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்தீர்கள். நான் கேட்பது வேறு. என்னை இப்படிக் காப்பாற்றி வைத்தீர்களே, எதற்காக என்று என்றைக்காவது யோசித்தீர்களா?

அது சாய்ந்திருந்த இடத்தில் என் கணுக்கால் தடித்துச் சிவந்திருந்தது. கருவாயன் செத்த பிறகும் சில நாள் அந்தத் தடிப்பு இருந்தது. நான் மருந்து போடவில்லை. பிறகு தானாகவே வற்றி, இப்போது அடையாளமே இல்லை.

கம்பளி முன்னறையில் கட்டிக்கிடக்கிறது. என்னை அதற்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, எனக்கும் அப்படியே. வாசலைப் பார்த்தே படுத்திருக்கிறது. சோறு வைத்து, தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு, பின்புறம் போய்ப் பீலியில் கழுவிக்கொள்கிறேன். உங்கள் சோப்பில் பாதி மிச்சமிருக்கிறது. அது கரைந்ததும் பதுளையிலிருந்து அதே சோப்பை வருவித்துக்கொள்வேன். கம்பளி சாகும்வரை இந்தத் தோட்டத்தை விட்டுப் போகமாட்டேன். அதன் தலையில் ஒருநாளும் கை வைக்காமலும் இருக்கமாட்டேன். விரல் வெடித்தால் வெடிக்கட்டும். இது என் வாக்கு.

நீங்கள் முதுகைத் தாங்கிப் பிடித்ததால் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்,
உங்கள் தங்கை