நீ கேட்ட அவுட்

கூட்டாளி,

பேத்தி பள்ளிக்கூடத்தில் சாப்ட்பால் விளையாடுகிறாள். நேற்று பந்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். தோலும் வியர்வையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். பந்தைக் கையில் எடுத்தேன். விரல்கள் தாமாகவே தையலைத் தேடிப் பிடித்துக்கொண்டன. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தினமும் வீட்டையே புரட்டுகிறவன் நான். இந்தப் பாழாய்ப்போன விரல்களுக்கு மட்டும் எதுவும் மறப்பதில்லை.

பீடோங் டவுன் காப்பிக்கடையில் நம் ரப்பர் தோட்டத்து ஆட்கள் சேர்ந்தால் பேச்சு இன்னமும் அங்கேதான் போய் நிற்கிறது. நீயா, நானா, யார் பெரிய ஆள்? "அண்ணந்தான்லா. கடைசி வரைக்கும் ஆடுனாரு. ஜப்பான்காரனே கை தட்டுனான்" என்று என் பக்கம் பேசுகிறவர்களே அதிகம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். உன் பந்தை இவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். எதிர் முனையிலிருந்து பார்த்தவன் நான்.

வெள்ளைக்காரத் துரை காலத்துக் கிரிக்கெட்டிலேயே அது முடிவான விஷயம். காலையில் பால் வெட்டி முடித்து, கை கழுவின ஈரம் காயாமல் திடலுக்கு வருவாய். செம்மண் சாலை ஓரத்திலிருந்து நீ ஓடி வரும்போதே மட்டைக்காரனின் கால் தானாக ஒதுங்கும். நான் மெதுவாகப் போடுகிறவன். உன்னிடம் உயிர் தப்பியவர்கள், அப்பாடா என்று என் பந்தை ஓங்கி அடிக்கப் போய் மாட்டிக்கொண்டார்கள். என் பேரில் எழுதிய விக்கெட்டில் பாதி உன்னுடையது. மட்டைக்காரன் காலில் உன் பந்து பட்டுவிட்டால் போதும், இரண்டு கையையும் தூக்கி, அம்பயரைப் பார்த்து "ஹவ்சாட்" என்று லயத்து வரிசை வீட்டு நாய்களெல்லாம் குரைக்கிற மாதிரி கத்துவாய். பாவம் அந்த அம்பயர், பயத்திலேயே ஒற்றை விரலைத் தூக்கி அவுட் கொடுத்துவிடுவார்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனார். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சயாமில் ரயில் பாதை போட என்று லயம் லயமாக ஆள் பிடித்தார்கள். போனவர்களைப் பற்றிப் பேச்சு மூச்சில்லை. அந்த நேரத்தில்தான் பீடோங் முகாமின் கேப்டனுக்கு பேஸ்பால் பைத்தியம் என்று தெரிந்தது. நம்மைப் பற்றிக் கேள்விப்பட்டுத் திடலுக்குக் கூப்பிட்டு எறியச் சொன்னான். அவர்கள் ஆட்டத்தில் பந்து தரையில் குத்தக் கூடாது, முழங்கையை மடக்கி எறிய வேண்டும். நமக்கோ முழங்கை மடங்கினால் அது பந்து வீச்சே இல்லை. நீ முடியாது என்று நின்றாய். மொழிபெயர்த்துச் சொல்ல வந்த நம் தோட்டத்து ஆபீஸ் கிராணி உன் காதருகே சீறினார். "வாயை மூடிக்கிட்டு மடக்குடா. கேப்டன் டீமுல இருக்கிறவன் சயாமுக்குப் போகத் தேவையில்ல."

மடக்கினோம். உயிர் வேண்டுமே.

புது ஆட்டத்திலும் உன் பந்து சிப்பாய்களின் கண்ணில் படவில்லை. என்னுடையதை அவர்கள் காத்திருந்து அடித்தார்கள். எறிகிற பந்து அடிக்கிறவன் மேல் பட்டால் தொப்பியைக் கழற்றிக் குனிய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். "குனியறதுக்கும் ட்ரெயினிங் குடுக்கிறானுங்க பாரு" என்று முணுமுணுத்தாய்.

அன்று பயிற்சி ஆட்டம். கேப்டனே மட்டை பிடித்தான். நான் பக்கத்து முனையில், முதல் பேஸில் நின்றிருந்தேன். நீ போட்ட பந்து தாழ்ந்து வந்து அவன் முட்டிக்குக் கீழே நேராக அடித்தது. தொப்பிக்குப் போக வேண்டிய உன் கைகள் இரண்டும் வானத்துக்குப் போயின. "ஹவ்சாட்!"

அம்பயராக நின்ற சார்ஜண்டுக்கு எதுவும் புரியவில்லை. தூக்கின கையோடு என்னைப் பார்த்தாய். செய்துவிட்டது உறைத்ததும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் எமன். தன்னை அடித்துவிட்டு ஒரு கூலிக்காரன் கொண்டாடுகிறான் என்று கேப்டன் நினைத்தான். கிராணி இரண்டு கையையும் கூப்பி, "கிரிக்கெட், கிரிக்கெட்" என்று கெஞ்சினார். கேப்டன் மட்டையாலேயே உன்னை அடித்தான். நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, விழுந்த பிறகும் அடித்தான்.

மறுநாள் காலை சயாம் லாரியில் உன்னை ஏற்றினார்கள். வாய் வீங்கியிருந்தது. உன் அம்மா கொடுத்த கிழங்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைத்தான் தேடினாய். "டேய், நேரா கால்ல பட்டுச்சு. அவுட்டா இல்லையா, நீ சொல்லு."

லாரி கிளம்பிவிட்டது. நான் ஒற்றை விரலைத் தூக்கினேன். வீங்கின வாயோடு நீ சிரித்தது தெரிந்தது.

அதற்குப் பிறகு ஜப்பான்காரன் போகும்வரை நான்தான் பந்து போட்டேன். காப்பிக்கடைக்காரர்கள் சொல்லும் பெருமையெல்லாம் அந்தக் காலத்துடையதுதான். கேப்டன் மட்டை பிடித்தால் உடம்புக்கு எட்டாத தூரத்தில், அடிக்க வசதியாகப் போடுவேன். அவன் அடித்துவிட்டு எனக்குக் கை தட்டுவான். அந்தக் கை தட்டலைத்தான் இவர்கள் இன்றும் பேசுகிறார்கள். இதில் யார் பெரிய ஆள் என்று என்னையே கேட்கிறார்கள்.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய பாலிங் ஊர்க்காரர் ஒருவர் தோட்டத்துக்கு வந்து என்னைத் தேடினார். காலரா உன்னைக் கொண்டுபோனதைச் சொன்னார். புதைக்கக்கூட இல்லை, மற்றவர்களோடு சேர்த்து எரித்தார்களாம். என் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கைதானா? 'நான் தப்புப் பண்ணல, அது அவுட்டு, என் கூட்டாளியே குடுத்துட்டான்'னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே கெடப்பாரு" என்றார். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

பேத்தி குளித்துவிட்டு வந்து பந்தை எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு அக்கா கால்ல பட்டுருச்சு தாத்தா. டீச்சர் சாரி சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

"சொல்லிடும்மா. உடனே சொல்லிடணும்" என்றேன்.

அவள் உள்ளே போனதும் அந்த விரலைத் தூக்கிப் பார்த்தேன். வாதம் வந்து கோணிவிட்டது, முன்போல் நேராக நிற்பதில்லை. இருந்தாலும் அவுட்தான்டா.