டீசல் பேரலுக்கு இரண்டு பேர்

தை 9, செவ்வாய்

பனி. பத்து மணிக்குத்தான் எதிர்மேடு தெரிந்தது. எங்கள் மகளிர் குழுவின் அரவைக் கொட்டகையில் இன்று எனக்கும் நாத்தனார் குப்புவுக்கும் முறை. சாமை பதினோரு மூட்டை. கொட்டகைக்கு இன்னும் கரண்ட் இழுக்கவில்லை, டீசல் இன்ஜின்தான்.

பேரல் வெளியே சாய்ப்பில், இன்ஜின் உள்ளே. வெளியே நின்று கைப்பம்பைச் சுற்றுகிறவளுக்கு டேங்க் நிரம்புவது தெரியாது. அதனால் இரண்டு பேர். நான் சுற்ற, குப்பு உள்ளே குழாயைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுப்பாள். "நிறுத்து." முன்பெல்லாம் "நிறுத்து அண்ணி". எட்டு மாதமாக அண்ணி இல்லை. அந்த ஒரு சொல் தவிர வேறு பேச்சும் இல்லை.

குப்புவின் மகள், முறைப்பெண் தேவி இருக்க, என் மகன் ஓசூரில் கூட வேலை செய்யும் பெண்ணைக் கட்டிக்கொண்டான். தேவிக்கு இதில் வருத்தமே இல்லை, வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்கிறாள். அவள் அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. எல்லாம் நான் மறைத்துச் செய்த வேலையாம். எனக்கு எப்போது தெரியும் என்று நானும் சொல்லவில்லை.

வலது தோள் போச்சு. ஜாக்கெட் போடக் கையைத் தூக்க முடியவில்லை. தைலம் தீர்ந்துவிட்டது.

தை 10, புதன்

ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் பார்சல். மகன் சரவணன் அனுப்பியது. பேட்டரியில் ஓடும் டீசல் பம்பு. போனில், "பேரல்ல வுட்டு சுவிட்சப் போடும்மா. டேங்கு ரொம்பனா அதுவே நின்னுடும். நீ ஒண்டியே செய்லாம்."

வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா இவ்ளோ லேசா கீது! இதுவா இழுக்கும்?"

சந்தையில் வாங்க: தைலம், தீப்பெட்டி, குக்கர் வளையம்.

தை 12, வெள்ளி

இழுத்தது. நான்கே நிமிடம். தோளுக்கு ஒரு வேலையும் இல்லை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. குப்பு வாசலில் நின்று பார்த்தாள். யார் அனுப்பியது என்று கேட்கவில்லை, தெரியாதா என்ன. முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் குழுத் தலைவி ராணி வந்தாள். "குப்பக்கா வேற நாள் கேக்குறாங்க. மிஷின் வந்துட்ச்சி, இனிமே நான் இன்னாத்துக்குன்றாங்க. மாத்திடட்டா?"

"மாத்து" என்றேன், வீம்புக்கு.

இருந்த ஒரு சொல்லும் போச்சு. மகன் நல்லதுதான் செய்தான். யாரைத் திட்ட?

தை 16, செவ்வாய்

தனியாக. தூறல். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தொட்டியில் கை கழுவப் போனேன். குழாய் முனையை டேங்கில் ஆழமாகச் செருகவில்லை. முனையில் டீசல் பட்டால்தான் தானாக நிற்குமாம். என் தப்புதான். குப்பு அப்போதுதான் அரைக்கத் தன் மூட்டையை உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"நிறுத்து! நிறுத்து!"

ஓடினேன். கை போய்ப் பிடித்தது சுவரோரம் சாத்தி வைத்த பழைய கைப்பம்பை! பிறகுதான் சுவிட்ச் நினைவு வந்தது. உள்ளே தரையெல்லாம் டீசல், அவள் மூட்டையின் அடி ஊறிவிட்டது.

என்னைப் பிடிபிடி என்று பிடித்தாள். "மிஷினா இது? உம்புள்ளயாட்டமே கீது. யாரும் வாணாம், எல்லாம் தானே பாத்துக்குமாம்! எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா? ஊரே சிரிச்சுது."

"எனக்கே சொல்லல குப்பு. தாலி கட்னப்புறந்தான் போன் பண்ணான்."

பெற்றவளுக்கே சொல்லாமல் கட்டிக்கொண்டான் என்று எப்படி வெளியே சொல்வது? அந்த வெட்கத்தில்தான் இத்தனை மாதம் நான் மூடி வைத்தேன். என் மூட்டையை அவள் பக்கம் தள்ளினேன். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மண் போட்டுத் தரையைத் தேய்த்தேன். இரண்டு குளியலுக்குப் பிறகும் கையில் நாற்றம். அலுப்பு.

தை 19, வெள்ளி

வெயில். வீட்டிலேயே பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றியாச்சு. தோள் தேவலாம். முறைத்தாளில் இன்று என் பெயர் மட்டும்தான்.

குப்பு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே, பேரலருகே. சுவிட்சைப் போட்டேன். நான்கு நிமிடம். டேங்க் நிரம்பிப் பம்பு தானாகவே நின்றது. அதன் சிறு விளக்கும் அணைந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து, "நிறுத்து அண்ணி."

நின்றுபோன பம்பின் சுவிட்சை அணைத்தேன்.

"நிறுத்திட்டேன் குப்பு."